கிண்ணத்துத் தண்ணீர்

என் வாய்க்குப் பயந்து பொன்மலை ரயில்வே காலனியில் பாதிப் பேர் எதிர்ப்பக்கமாக நடப்பார்கள். மருத்துவச்சி இருதயமேரி வந்துவிட்டாள் என்றால் பிள்ளை பெறுகிறவள்கூடக் கத்துவதை நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்ப்பாள். நாகப்பட்டினத்திலிருந்த ஒர்க்ஷாப்பை ரயில்வேக்காரர்கள் இங்கே பெயர்த்துக்கொண்டு வந்தபோது கூடவே வந்த தட்டுமுட்டுச் சாமான்களில் நானும் ஒருத்தி. வந்த மறு வருஷமே புருஷன் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தார். அழுதேன், ஆனால் பயப்படவில்லை. அப்படிப்பட்ட நான், இரண்டு வருஷம் ஒரு வெண்கலக் கிண்ணத்துத் தண்ணீருக்குப் பயந்து செத்தேன்.

எங்கள் வேதக்காரர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. பிறந்த பிள்ளை பிழைக்காது என்று தோன்றினால் சாமியார் வரும்வரை காத்திருக்கக் கூடாது. பக்கத்தில் இருப்பவர் யாரானாலும் அதன் தலையில் தண்ணீர் ஊற்றி, பிதா சுதன் இஸ்பிரீத்து சாந்து பெயரைச் சொல்லி ஞானஸ்நானம் கொடுத்துவிட வேண்டும். ஆபத்து ஞானஸ்நானம் என்பார்கள். அந்த நேரத்தில் பக்கத்தில் இருப்பவள் மருத்துவச்சிதானே? அதனால் பங்குச் சாமியார் எங்களை உட்காரவைத்துப் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். "சந்தேகமா இருந்தா ஊத்து. யோசிக்காதே. ஊத்தினதுக்காக யாரும் நரகத்துக்குப் போனதில்லை." அதனால் பிள்ளைப்பேற்று வீட்டில் நுழைந்ததும் நான் முதலில் கேட்பது வெந்நீர் இல்லை, ஒரு கிண்ணம் பச்சைத் தண்ணீர். அதை மாடத்தில் வைத்த பிறகுதான் மற்ற வேலை.

ஞானஸ்நானம் இல்லாமல் செத்த பிள்ளைக்கு மந்திரித்த கல்லறையில் இடம் கிடையாது. வேலிக்கு வெளியே, நாண்டுகொண்டு செத்தவர்களுக்குப் பக்கத்தில் புதைப்பார்கள். மோட்சத்திலும் இடம் இல்லை, சர்வேசுரனுடைய முகம் தெரியாத மங்கலான ஓர் இடத்துக்குத்தான் போகும் என்பார்கள். அந்த இடத்தைப் பற்றிப் பேச்சு வந்தாலே தாய்மார்கள் சிலுவை போட்டுக்கொண்டு எழுந்துவிடுவார்கள்.

இன்னொரு வழக்கமும் உண்டு, பிசாசு உட்கார்ந்திருந்தது அதில்தான். பிள்ளை நல்லபடியாக இருந்து கோயிலில் ஞானஸ்நானம் நடந்தால், மருத்துவச்சிதான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடப்பாள். ஞானத்தகப்பன் அவளுக்குச் சேலை எடுத்துக் கொடுப்பார். வீட்டிலேயே தண்ணீர் ஊற்றிவிட்டால் மேளம் இல்லை, விருந்து இல்லை, சேலையும் இல்லை.

முப்பத்திரண்டாம் வருஷம் மாசி மாதம் பாக்கியமேரிக்கு முதல் பிரசவம். அவள் புருஷன் ரோசரி ஒர்க்ஷாப்பில் ஃபிட்டர். ஞானத்தகப்பனாக நிற்கப்போகும் ரோசரியின் அண்ணன் ஆசைப்பட்டு முன்கூட்டியே சேலை வாங்கி அனுப்பிவிட்டார். உறையூர்த் தறியில் நெய்தது. அரக்குச் சிவப்பு, மஞ்சள் கரை. நான் போனபோது அது மடிப்புக் கலையாமல் டிரங்குப் பெட்டி மேல் இருந்தது. புருஷன் போன பிறகு எனக்கு யாரும் புதுச்சேலை எடுத்துத் தரவில்லை. ஞாயிற்றுக்கிழமை அதைக் கட்டிக்கொண்டு பிள்ளையோடு கோயிலுக்கு நடப்பதை, பிள்ளை பிறப்பதற்குள் மனசில் இரண்டு தடவை நடந்து பார்த்துவிட்டேன்.

விடிந்ததும் ஆண் பிள்ளை பிறந்தது. சிறுசு. உதடு நீலம். அழுகை பூனைக்குட்டி கத்துவது போல வந்து நின்றது. இத்தனை வருஷம் கைபார்த்தவளுக்குத் தெரியாதா? என் கை தானாகக் கிண்ணத்துக்குப் போனது. போகிற வழியில் சேலை கண்ணில் பட்டது.

"மத்தியானம் வரை பார்ப்போமே" என்று மனசு சொன்னது. சொன்னது மனசுதானா, வேறு யாராவதா என்று எனக்கு இன்றுவரை சந்தேகம்.

ரோசரியைக் காரமருந்து வாங்கிவரக் கடைக்கு அனுப்பினேன். பாக்கியம் இரத்தம் போன களைப்பில் கண்ணயர்ந்துவிட்டாள். நான் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஒரு கை பிள்ளைமேல் இருந்தது. இன்னொரு கையால் எட்டி அந்தச் சேலையின் கரையைத் தடவிப் பார்த்தேன். நெருக்கமான நெசவு, சாயமும் நல்ல சாயம். திரும்பிப் பார்த்தபோது பிள்ளை மூச்சு விடவில்லை.

உள்ளங்காலில் தட்டினேன். வாயில் ஊதினேன். தலைகீழாகப் பிடித்துப் பார்த்தேன். உயிர் போன உடம்பில் ஊற்றினால் செல்லாது என்று சாமியார் சொன்னது ஒன்றுதான் காதுக்குள் கேட்டது. அப்போது பாக்கியம் கண் விழித்தாள். என் முகத்தைப் பார்த்ததும் புரிந்துகொண்டாள். அலறவில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"அக்கா, தண்ணி ஊத்திட்டீங்களா?"

"ஊத்திட்டேன்" என்றேன். "சூசைன்னு பேர் வச்சேன்."

அவள் மாடத்தைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டாள்.

அவ்வளவுதான். ஒரு பொய், அதற்கு ஒரு பெயர். சாமியார் என் பேச்சை நம்பிக் கோயில் ஏட்டில் எழுதினார். சூசை, ரோசரிக்கும் பாக்கியமேரிக்கும் மகன், ஆபத்து ஞானஸ்நானம் கொடுத்தது இருதயமேரி. மந்திரித்த மண்ணில் குழி வெட்டினார்கள். எட்டாம் நாள் ரோசரி வந்து என் வாசலில் நின்றான். கையில் அந்தச் சேலை.

"கோயிலுக்குத் தூக்கிட்டுப் போறவங்களுக்குத்தான் சேலை கொடுப்பாங்க. நீங்க என் புள்ளைய மோட்சத்துக்கே அனுப்பிவச்சீங்க. வாங்கிக்கங்க அக்கா." அழுதுகொண்டே கொடுத்தான். நான் வாங்கிக்கொண்டேன். வாங்காமல் என்ன சொல்வது?

அன்றைக்குப் பிடித்தது பயம்.

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். எனக்குக் குறுகுறுக்கவில்லை, கிடுகிடுத்தது. ஒர்க்ஷாப்பில் சங்கு ஊதினால் தீர்வை நாள் வந்துவிட்டதென்று கையிலிருப்பதைக் கீழே போட்டேன். மின்னல் வெட்டினால் கட்டிலுக்கடியில் நுழைந்தேன், நாற்பத்தாறு வயதில்! பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் சிரித்தார்கள். சேலையைப் பெட்டியின் அடியில் போட்டு மேலே எல்லாத் துணியையும் அடுக்கினேன். அப்படியும் அது அங்கே கிடப்பது எனக்குத் தெரிந்துகொண்டே இருந்தது.

சாமியாரிடம் பாவத்தைச் சொல்லும் பாவசங்கீர்த்தனத்துக்குப் போகாமல் இருக்க முடியுமா? போகாவிட்டால் காலனியே கேட்கும். போனேன். "பொய் சொன்னேன் சாமி, நாலஞ்சு தடவை" என்று மற்றப் பொய்களுக்கு நடுவில் இதையும் சேர்த்துக் கட்டிக் கொடுத்தேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த கதைதான். சாமியார் ஆசீர்வதித்து அனுப்பினார். சாவான பாவத்தை ஒளித்துவிட்டு நற்கருணை அப்பம் வாங்குவது அதைவிடப் பெரிய பாவம் என்று சின்னக் குறிப்பிடம் என்கிற ஞானோபதேசப் புத்தகம் படித்த குழந்தைக்கும் தெரியும். தெரிந்தே ஞாயிறுதோறும் போய் நாக்கை நீட்டினேன். ஒவ்வொரு தடவையும் நெருப்பு வந்து விழும் என்று கண்ணை இறுக மூடிக்கொள்வேன். நெருப்பு வரவில்லை. அது வராதது என் பயத்தை இன்னும் கூட்டியது. சர்வேசுரன் என்னை அடிக்கக்கூட வேண்டாமென்று கைகழுவிவிட்டார் போலிருக்கிறது என்று நினைத்தேன். அதன்பிறகு செபம் சொன்னால் உதடுதான் அசைந்தது. ஆளில்லாத வீட்டுக் கதவைத் தட்டுவது போல இருந்தது.

கல்லறைத் திருநாளன்று பாக்கியம் அந்தச் சின்னக் குழிமேல் செவ்வந்தி வைத்து மெழுகுவர்த்தி ஏற்றினாள். பிறகு, அவன் மோட்சத்தில் தேவதூதனாகிவிட்டது போல, நாலு பேர் காதில் விழும்படி சத்தமாகச் சொன்னாள், "சூசை சம்மனசே, எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்." என்னைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். வயிற்றுவலி என்று சொல்லிவிட்டு ஓடிவந்தேன்.

மறு வருஷம் பாக்கியம் மறுபடி முழுகாமல் இருந்தாள். "நீங்கதான் பாக்கணும் அக்கா" என்று சொல்லி அனுப்பினாள். பத்தாம் மாதம் நெருங்க நெருங்க எனக்குச் சோறு இறங்கவில்லை. இந்தப் பிள்ளைக்கும் ஏதாவது ஆனால்? நான் ஊற்றினாலும் பாழாய்ப்போன இந்தக் கையால் ஊற்றினது செல்லுமா? ஒரு பிள்ளையை மோட்சத்துக்கு வெளியே நிறுத்தினேன், இரண்டாவதையும் நிறுத்த வேண்டுமா? தை பிறந்த நாலாம் நாள், ஒரு மாற்றுச்சேலையைப் பையில் சுருட்டிக்கொண்டு ஸ்ரீரங்கத்துக்கு ஓடிப்போனேன்.

அங்கே அழகிரி என்று ஒருவன், முன்பு ஒர்க்ஷாப்பில் கூலியாக இருந்தவன், கொள்ளிடக் கரையோரம் ஒரு நந்தவனத்தில் வேலை பார்த்தான். அவன் பிள்ளைகளை எடுத்தவள் நான்தான். அவன் பெண்சாதி எதுவும் கேட்காமல் பாய் போட்டுக் கொடுத்தாள். மூன்று நாள் இருந்தேன். துளசியும் மரிக்கொழுந்தும் மணக்கிற இடம். காலையில் ரங்கநாதர் கோயில் மேளம் கேட்கும், அதற்கு எல்லோரும் கும்பிடுவார்கள். அது என்னைக் கூப்பிடுகிற சத்தம் இல்லை. என்னைக் கூப்பிடுகிற மணி காவேரிக்கு அக்கரையில் அடித்துக்கொண்டிருக்கும், இங்கே கேட்காது. கேட்காத இடம் தேடித்தானே வந்தேன்? வந்து சேர்ந்த பிறகு, திருவிழாக் கூட்டத்தில் அம்மாவின் கையை விட்ட பிள்ளை மாதிரி நெஞ்சு அடித்துக்கொண்டது. நான் தொலைந்துபோனேன் என்று எனக்கு நன்றாகத் தெரிந்தது. யாரும் தேடிவரக் கூடாது என்று வேண்டினேன், யாராவது தேடிவர வேண்டும் என்றும் வேண்டினேன்.

நாலாம் நாள் காலை, அழகிரி வீட்டு வாசலில் சைக்கிள் மணி அடித்தது. ரோசரி! முகமெல்லாம் புழுதி. சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"உறையூர், பாலக்கரை எல்லாம் தேடிட்டேன் அக்கா. பக்கத்து வீட்டுக்காரம்மாதான் அழகிரி பேரைச் சொன்னாங்க. அவளுக்கு விடியக்காலைலருந்து வலி. வேற யாரையும் தொட விடமாட்டேங்கறா. வாங்கக்கா, கால்ல விழறேன்."

"எனக்கு உடம்பு சரியில்ல ரோசரி. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போ."

"நீங்க வந்தாத்தான் பெத்துப்பேன்னு சொல்றா. நான் என்ன பண்ணட்டும்?"

மடியில் கனம் இருந்தால் வழியில் பயம். ஜட்காவில் ஏறினேன். காவேரிப் பாலத்தில் ஜட்கா ஓட, ரோசரி பின்னாலேயே சைக்கிளில் வந்தான். திருடியைப் பிடித்துக்கொண்டுபோகிற போலீஸ்காரன் போல இருந்தது. தண்ணீரைப் பார்த்தேன். அவ்வளவு தண்ணீர் ஓடுகிறது, ஒரு கை அள்ளி ஊற்ற எனக்கு அன்றைக்கு முடியாமல் போயிற்றே என்று நினைத்தேன்.

பொன்மலை வந்து சேர உச்சி வேளையாகிவிட்டது. பாக்கியம் வேர்வையில் நனைந்து கிடந்தாள். நான் கேட்பதற்கு முன்னாலேயே மாடத்தில் கிண்ணம் இருந்தது. அதே வெண்கலக் கிண்ணம், விளிம்பு வரை தண்ணீர். அவளே வைக்கச் சொல்லியிருக்கிறாள். அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தேன்.

பிள்ளை கால் முன்னே போட்டு வந்தது. கழுத்தில் கொடி சுற்றியிருந்தது. எப்படிப் பிரித்தேன், எப்படி எடுத்தேன், எனக்கே தெரியாது. பெண். அசைவில்லை. நெஞ்சில் காதை வைத்தேன். உள்ளே எங்கோ டிக் டிக்கென்று துளிச் சத்தம். இந்தத் தடவை நான் எதையும் பார்க்கவில்லை. தொப்புள்கொடியைக்கூட அறுக்காமல் எட்டிக் கிண்ணத்தை எடுத்தேன். கை ஆடிய ஆட்டத்தில் பாதித் தண்ணீர் என் மேலேயே கொட்டியது. மீதியைத் தலையில் ஊற்றி வார்த்தைகளைச் சொன்னேன். நாக்குக் குழறாமல் இருக்க ஒவ்வொரு வார்த்தையையும் கடித்துக் கடித்துச் சொன்னேன்.

தண்ணீரின் குளிர்ச்சியோ, வேறு எதுவோ, பிள்ளை வீல் என்று கத்தியது.

ரோசரி வெளியே சத்தமாக அழுதான். பாக்கியம் சிரித்தாள். நான் கொடியை அறுத்து, தாயையும் பிள்ளையையும் சுத்தம் செய்து, எல்லாம் சரி என்று பார்த்த பிறகு ஓட ஆரம்பித்தேன். எனக்குச் சந்தோஷமில்லை. இன்னும் அதே பயம்தான். பிள்ளைக்கு இன்றோ நாளையோ ஏதாவது ஆனால், நான் ஊற்றினது செல்லாமல் போனால்! ஊரே பார்க்க, இரத்தக்கறைச் சேலையோடு, செருப்பில்லாமல் கோயிலுக்கு ஓடினேன்.

பங்குச் சாமியார் பங்களாவின் பின்பக்கம் சைக்கிள் டியூபை வாளித் தண்ணீரில் முக்கி ஓட்டை தேடிக்கொண்டிருந்தார். கோபக்கார மனுஷன். பிரசங்கத்தில் கொட்டாவி விட்டவனைப் பேர் சொல்லி எழுப்புவார்.

"ஸ்தோத்திரம் சாமி. ரோசரி வீட்டுக்கு உடனே வாங்க. புள்ளைக்கு நீங்க ஞானஸ்நானம் கொடுங்க."

"ஏன், நீ ஊத்தலையா?"

"ஊத்தினேன்."

"என்ன தண்ணி?"

"பச்சைத் தண்ணி."

"தலையில ஓடுச்சா? வார்த்தை சரியாச் சொன்னியா?"

"சொன்னேன் சாமி."

"அப்புறம் என்ன? ஒரு தடவை ஊத்தினது ஊத்தினதுதான். மறுபடி ஊத்தக் கூடாதுன்னு உனக்குத் தெரியாதா?"

"என் கை பாவக் கை சாமி. அது செல்லாது."

அவர் டியூபை விட்டுவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். "காலனிப் பைப்பு பூரா துரு. அதுல வர்றது தண்ணியா, துருவா? கொடுக்கிறவர் சேசுநாதர். நீ வெறும் பைப்பு."

அந்த மட்டில் திரும்பியிருக்கலாம். பிள்ளைக்குச் செல்லும் என்று சாமியாரே சொல்லியாயிற்று. கால் திரும்பவும் செய்தது. ஆனால் வீட்டுக்குப் போனால் அந்தப் பெட்டி, அடுத்த ஞாயிறு, மறுபடி நாக்கு. இந்த வாசலையும் தாண்டிப் போனால் இனி எனக்கு வாசலே கிடையாது என்று தோன்றியது. அந்தப் பயம் மற்ற எல்லாப் பயத்தையும் விடப் பெரியதாக இருந்தது.

"மூத்த புள்ளைக்கு நான் ஊத்தலை சாமி" என்றேன்.

அவர் ஈரக் கையை அங்கியில் துடைத்துக்கொண்டார். உள்ளே போய் பாவசங்கீர்த்தனம் கேட்கும்போது போடும் ஊதாப் பட்டையைக் கழுத்தில் போட்டுக்கொண்டு வந்து, முக்காலியில் உட்கார்ந்து, முகத்தைப் பக்கவாட்டில் திருப்பிக்கொண்டார். வாளிக்குப் பக்கத்தில், சேற்றில், நான் முழந்தாளிட்டேன்.

எல்லாவற்றையும் சொன்னேன். சேலையின் கரையைத் தடவினதை மட்டும் ஒரே மூச்சில் சொல்ல முடியவில்லை. மூன்று தடவை ஆரம்பித்தேன். அவர் அவசரப்படுத்தவில்லை. எட்டி உதைப்பார், ஏட்டில் அடித்து எழுதுவார், ஞாயிற்றுக்கிழமை பீடத்திலிருந்து பேர் சொல்லுவார் என்று காத்திருந்தேன்.

"ரெண்டு வருஷமா இதைத் தூக்கிட்டு நடந்தியா?" என்றார். குரலில் கோபமே இல்லை. எனக்கு அதுதான் தாங்கவில்லை. விம்மிவிட்டேன்.

"நாக்குல நெருப்பு விழும்னு காத்திருந்தேன் சாமி. விழலை. அவர் என்னை விட்டுட்டார்னு நினைச்சேன்."

"விட்டிருந்தா உனக்கு இந்தப் பயமே இருந்திருக்காது இருதயம். அவர் அடிக்கலை, பொறுத்துட்டிருந்தார். நீ ஸ்ரீரங்கத்துக்கு ஓடினா அங்கயும் ஆள் அனுப்பினார்."

"அந்தப் புள்ளை எங்கே இருக்கு சாமி?"

அவர் முகத்தைத் திருப்பாமலே சொன்னார். "எனக்குத் தெரியாது. தெரிஞ்ச மாதிரி பொய் சொல்ல மாட்டேன். நம்மளை ஊத்தச் சொல்லிக் கட்டளை போட்டிருக்கு. ஆனா அவர் இரக்கம் உன் கிண்ணத்துக்குள்ளதான் இருக்குன்னு யாரும் சொல்லலை. புள்ளைய அவர் கையில விடு."

அபராதமாக மூன்று 'அருள் நிறைந்த மரியே' மந்திரம் சொல்லச் சொன்னார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. "ரெண்டு வருஷ நரகத்துக்கு மூணு மந்திரமா சாமி?"

"மிச்சத்தை ஒருத்தர் சிலுவையில சுமந்துட்டார். நீ சுமக்க வேற ஒண்ணுமில்ல" என்று சொல்லிப் பாவமன்னிப்பு மந்திரத்தை ஆரம்பித்தார். முடிந்ததும், "ஏட்டை நான் தொட மாட்டேன். இங்க கேட்டது இங்கயே செத்துப்போச்சு. பாக்கியத்துகிட்ட சொல்லணும்னு அபராதம் போடவும் மாட்டேன். ஆனா அந்த வீட்டுச் சோறு உனக்கு இறங்குமான்னு நீயே பார்த்துக்க" என்றார். பட்டையைக் கழற்றிவிட்டு மறுபடி டியூபை எடுத்துக்கொண்டார்.

எழுந்து நின்றேன். ஒர்க்ஷாப்பில் சங்கு ஊதியது. வேலை விடுகிற சங்கு. வெறும் சங்கு!

ஆனால் பயம் ஒரேயடியாகப் போய்விடவில்லை. சர்வேசுரனுக்குப் பயந்தது போய், பாக்கியத்துக்குப் பயந்தேன். எட்டு நாள் தள்ளிப்போட்டேன். ஒன்பதாம் நாள், ரோசரி வேலைக்குப் போன பிறகு, பெட்டியின் அடியிலிருந்து சேலையை எடுத்துக்கொண்டு போய் அவள் முன்னால் வைத்தேன். அவள் பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"பாக்கியம், சூசைக்கு நான் தண்ணி ஊத்தலைடி. இந்தச் சேலைக்கு ஆசைப்பட்டுத் தாமதிச்சேன். அதுக்குள்ள போயிட்டான். நான் சொன்னது பொய். நீ என்னை என்ன வேணா பண்ணு."

அவள் பிள்ளையின் முகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"தெரியும்க்கா" என்றாள்.

சேலையை விட்டுக் கையை எடுத்தேன்.

"கேட்டுட்டு நான் மாடத்தைப் பாத்தேனே, ஞாபகமிருக்கா? கிண்ணம் தளும்பத் தளும்ப நிறைஞ்சிருந்துச்சு. ஒரு சொட்டு குறையலை. உங்க கையும் ஈரமில்லை."

"தெரிஞ்சா ஏன்டி வாயைத் திறக்கலை?"

"திறந்தா என் புள்ளைய வேலிக்கு வெளியே போட்டுருப்பாங்க. உங்க பொய் எனக்கு வேண்டியிருந்துச்சு அக்கா." இப்போது அழ ஆரம்பித்தாள். "கல்லறையில சத்தமாச் சொல்லுவேனே, சம்மனசேன்னு? ஊருக்காகச் சொன்னது. உங்களுக்காகவும்தான். நீங்க என்னிக்காவது பாவசங்கீர்த்தனத்துல உடைச்சிட்டா, சாமியார் என் புள்ளையத் தோண்டி எடுத்துருவார்னு பயந்து பயந்து செத்தேன். அதான் உங்களையே வரச் சொன்னேன். நீங்க என் கண்ணு முன்னாடியே இருக்கணும். நானும் இதைச் சொல்லாமத்தானே ரெண்டு வருஷமா நற்கருணை வாங்கறேன்?"

இரண்டு வருஷம். நான் இவளுக்குப் பயந்தேன், இவள் எனக்குப் பயந்தாள். ஞாயிறுதோறும் பீடத்துக்கு முன்னாலுள்ள ஒரே கிராதியில் பக்கத்தில் பக்கத்தில் முழந்தாளிட்டு இரண்டு பேரும் நடுங்கியிருக்கிறோம். ஊரை நையாண்டி செய்கிற எனக்கு, பக்கத்தில் நடுங்கினவளைப் பார்க்கக் கண்ணில்லை.

"தோண்ட மாட்டார்" என்றேன். "நான் சொல்லிட்டேன்டி. கேட்டது அங்கயே செத்துப்போச்சுன்னார்."

அவள் வெடுக்கென்று நிமிர்ந்தாள். "சொல்லிட்டீங்களா? உங்களை என்ன பண்ணினார்?"

"மூணு மந்திரம் சொல்லச் சொன்னார்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான். எனக்கே கோபம் வந்துச்சு."

அழுகைக்கு நடுவில் அவளுக்குச் சிரிப்பு வந்தது. பிறகு மெதுவாக, "எனக்கும் மன்னிப்பாரா அக்கா?" என்றாள்.

எங்களுக்கு வாய்த்த கேள்வியைப் பாருங்கள். அதற்குப் பதில் சொல்ல என்னைப் போல ஒருத்தியை வைத்திருந்தார் சர்வேசுரன். "என்னையே மன்னிச்சார்டி. நீ எம்மாத்திரம்? எழுந்திரு" என்றேன்.

பிள்ளை பெற்றவள் நாற்பது நாளைக்கு வாசல் தாண்டக் கூடாது. அவள் அந்தச் சாயங்காலமே தாண்டினாள். அந்தச் சேலையையே இரண்டாகக் கிழித்துப் பிள்ளையைச் சுற்றி என்னிடம் கொடுத்தாள். நான் பிள்ளையோடு கோயிலுக்குள் கடைசித் தூணருகே நின்றேன். பாவசங்கீர்த்தனத் தொட்டிக்குள் அவள் விசும்புவது கேட்டது, பிறகு சாமியாரின் முணுமுணுப்பு, பிறகு சின்னக் கதவு மூடும் சத்தம். முக்காட்டைச் சரிசெய்துகொண்டு வெளியே வந்தவள் நேராகக் கல்லறைப் பக்கம் நடந்தாள். நான் பின்னால் போனேன்.

குழிக்குப் பக்கத்தில் நின்று, முந்தானைக்குள்ளிருந்து அந்த வெண்கலக் கிண்ணத்தை எடுத்தாள். கல்லறைக் குழாயடியில் நிரப்பிக்கொண்டு வந்து என்னிடம் நீட்டினாள். விளிம்பு வரை தண்ணீர். என் நெஞ்சு பழையபடி ஒரு தரம் குதித்தது.

"இப்ப ஊத்தினா செல்லாதுடி" என்றேன்.

"செல்லாதுன்னு எனக்குத் தெரியாதா அக்கா? இது ஞானஸ்நானம் இல்ல. நாம ரெண்டு பேரும் பயப்படாம ஒரு தடவை அவனுக்குத் தண்ணி ஊத்தணும். அவ்வளவுதான்."

பிள்ளையை அவளிடம் கொடுத்துவிட்டுக் கிண்ணத்தை வாங்கிக்கொண்டேன். "சர்வேசுரா, நான் ஊத்தாம விட்ட புள்ளை இது. நீரே பார்த்துக்கொள்ளும்" என்றேன். பாக்கியம் இந்தத் தடவை சத்தமாக எதுவும் சொல்லவில்லை. ஆமென் என்று மட்டும் சொன்னாள், எனக்குக்கூடச் சரியாகக் கேட்கவில்லை.

ஊற்றினேன். கை நடுங்கவில்லை. மண் குடித்துவிட்டது.